சத்தம் வெளியே வராத அறை

மேலவாய்க்கால் வட்ட சட்ட உதவி மன்றத்தில் ரகசியம் காப்பதற்கென்றே ஓர் அறை கட்டினார்கள். அதன் திறப்பு விழாவுக்குக் கடைத்தெரு முழுக்க மைக் செட் கட்டியிருந்தார்கள். காது கேளாதவர்கள் வக்கீலிடம் மனம் விட்டுப் பேசுவதற்கான அறை என்பதால், ஒரு துளி சத்தம்கூட வெளியே போகாதபடி அதைக் கட்டியிருந்தார்கள். சுவருக்குள் பஞ்சு. கதவுக்கு ரப்பர். கூரைக்குக் கீழே இன்னொரு கூரை. பக்கத்து நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைக்கிற மெஷின் ஓடினால்கூட உள்ளே கேட்காது.

மன்றத்தின் செயலாளர் இளையபெருமாள் விழாவில் பேசினார். "இந்த ரூம்ல பேசுறது சுவத்துக்குக்கூட கேக்காது. காது கேக்காதவங்களுக்கும் அந்தரங்கம் உண்டு. அவங்க சொல்றது ஒரு வார்த்தை வெளிய வந்தாலும் அதுக்கு நான் பொறுப்பு. இதுவரைக்கும் ஒரு சத்தம் வரல. இனிமேலும் வராது."

காது கேளாதோர் சார்பாக மேடையில் உட்காரவைக்கப்பட்ட இரண்டு பேர், மற்றவர்கள் கை தட்டுவதைப் பார்த்துத் தாங்களும் தட்டினார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. விழாவில் ரகசியம் எதுவும் பேசப்படாததால் தேவைப்படவில்லை என்று பிறகு விளக்கம் சொன்னார்கள்.

அந்த அறைக்கு முதலில் வந்தது அம்சத்தின் வழக்கு.

அம்சத்துக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். கணவன் தமிழ்மாறன் நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறான். அவன் அடிக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவள் மன்றத்துக்கு வந்தது அடிக்காக இல்லை, மகள் தமிழ்நிலாவுக்காக. ராத்திரி பிள்ளை அழுதால் இவளுக்குக் கேட்குமா, இவள் எப்படிப் பிள்ளை வளர்ப்பாள் என்று சொல்லி, பிள்ளையைத் திருப்பூரில் தன் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோக அவன் தயாராக நின்றான். ஒருமுறை கொண்டுபோய்விட்டால் பிறகு கோர்ட் வழியாக மீட்பதற்குள் பிள்ளை தாவணி கட்டிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் அம்சம் ஒருநாள் விடியற்காலையில் பிள்ளையை எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தாள். எங்கே என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். உத்தரவு கிடைக்கிறவரை அது தமிழ்மாறனுக்குத் தெரியக்கூடாது. அவ்வளவுதான் அவள் கேட்டது.

அவள் சொல்வதை வக்கீலுக்குச் சொல்ல சஃபியாவைக் கூப்பிட்டிருந்தார்கள். சஃபியா கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய அண்ணன் ஃபாஜிலுக்குக் காது கேட்காது. அதனால் அவளுக்கு வாய் பேச வருவதற்கு முன்பே கை பேச வந்துவிட்டது. பிறகு முறையாகப் படித்துச் சான்றிதழும் வாங்கியிருந்தாள். மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார். அவர் மேலவாய்க்காலுக்கு வருகிற நாளில் எப்படியோ மன்றத்துக்கு விடுமுறை வந்துவிடும்.

முதலில் சஃபியாவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இளையபெருமாளே கொடுத்தார். மொழிபெயர்க்கலாம், ஆனால் புரிந்துகொள்ளக் கூடாது என்பது பயிற்சியின் சாரம். மூன்றாவது ஆளுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டால் அது ரகசியம் இல்லையாம்.

புரியாமல் எப்படிச் சொல்வது என்று சஃபியா கேட்டாள்.

"நீங்க பாலம்மா," என்றார் அவர். "ஆத்துப் பாலம் இருக்குல்ல. அடியில என்ன தண்ணி போவுதுன்னு அது குனிஞ்சு பாக்குதா? மேல என்ன வண்டி போவுதுன்னு நிமுந்து பாக்குதா? அது பாட்டுக்கு நிக்குது. அந்த மாதிரி நில்லுங்க."

சஃபியா தலையாட்டிவைத்தாள்.

அடுத்தது உறுதிமொழி. பகிரங்கமாக எடுக்காத ரகசிய உறுதிமொழி செல்லாது என்று விதி இருந்ததால், வராந்தாவில் காத்திருந்த எல்லோர் முன்னாலும் நின்று சஃபியா அதைப் படிக்க வேண்டியிருந்தது. தமிழ்மாறன் உள்பட பெஞ்சு நிறைய ஆட்கள். இரு தரப்பையும் ஒரே நாளில் வரச்சொல்வது மன்றத்தின் வழக்கம். கணவனால் தாக்கப்பட்டு, தன் மகளைக் கணவன் அறியாத இடத்தில் மறைத்து வைத்திருக்கும் அம்சம் என்பவர் தன்னிடம் கூறப்போகும் எதையும் யாரிடமும் வெளியிடமாட்டேன் என்று அவள் படித்தாள். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு கிழவருக்குக் கேட்கவில்லை என்று இளையபெருமாள் மறுபடியும் படிக்கச் சொன்னார். சத்தமாகப் படித்தாள். கிழவர் பரிதாபத்தோடு உச்சுக் கொட்டினார்.

குரலைப் பதிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக மனுவோடு வந்தவர்கள் எல்லோருடைய செல்போனையும் வாங்கி ஓர் இரும்புப் பெட்டியில் பூட்டினார்கள். அம்சத்தின் போனையும் வாங்கினார்கள். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. சஃபியா எடுத்துச் சொன்ன பிறகு கொடுத்தாள். வாசலில் நின்ற காவலாளி விதிப்படி இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டார்.

அறைக்குள் போனதும் சஃபியா ஒன்றைக் கவனித்தாள். வராந்தா பக்கத்துச் சுவரில் ஆளுயரத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தது. உள்ளே இருந்து பார்த்தால் அதில் தங்கள் முகம்தான் தெரிந்தது. வெளியே இருந்து பார்த்தால் உள்ளே எல்லாம் தெரியுமா என்று அவள் கேட்டாள். இளையபெருமாள் சந்தோஷமாக, நன்றாகத் தெரியும் என்றார். ஒரு பெண்மணி ஆண் வக்கீலோடு இருக்கிற அறை வெளியே இருந்து பார்வைக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு விதி. அறையில் பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்று இன்னொரு விதி. மற்ற ஊர் மன்றங்களில் ஒன்றைக் காப்பாற்றினால் ஒன்று போய்விடும். மேலவாய்க்காலில் இரண்டையும் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"சார், இவங்க பேசுறதே கண்ணுல பாக்குற பேச்சு," என்றாள் சஃபியா. "ஒரு துணியாவது போட்டு மறைச்சிடலாமே."

"துணி போட்டா மொத விதி போயிடும்மா. சந்தேகமா இருந்தா சோதனை பண்ணியே காட்டுறேன்."

வக்கீல் இளம்பரிதியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் வெளியே போய் நின்றார். இளம்பரிதி மன்றத்தின் வக்கீல் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவன், நல்ல பையன். சொன்னபடி உள்ளே நின்று செயலாளரின் பெயரைத் தன்னால் முடிந்த மட்டும் கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. இளையபெருமாள் கதவைத் திறந்துகொண்டு வந்து, ஒன்றும் கேட்கவில்லை, வாய் மட்டும் நன்றாகத் தெரிந்தது என்றார். சோதனை வெற்றி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அம்சம் இதையெல்லாம் பார்த்துவிட்டு, இந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று சஃபியாவிடம் கேட்டாள்.

கதவைச் சாத்தினார்கள். இளம்பரிதி பதமாகவே கேட்டான். எப்போதிலிருந்து அடிக்கிறான், எதனால் அடிக்கிறான், யாராவது பார்த்தார்களா. அம்சம் சொல்லச் சொல்ல சஃபியா வாயால் சொன்னாள். பாலமாக நிற்க முயன்றுதான் பார்த்தாள். அம்சம் தன் தாடையைத் திருப்பி, தையல் போட்ட இடத்தைக் காட்டியபோது அது முடியவில்லை.

கடைசியாக, பாதுகாப்பு மனுவில் பிள்ளை இருக்கிற இடத்தை எழுத வேண்டும், எங்கே என்று இளம்பரிதி கேட்டான்.

அம்சம் நான்கு சுவரையும் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவள்தான் இருந்தாள். யாரும் பார்க்கவில்லையே என்று கேட்டாள்.

சஃபியா அதை இளம்பரிதிக்குச் சொன்னாள். அவன், "ஒரு சத்தம் வெளிய போகாதுன்னு சொல்லுங்கக்கா," என்றான். மொழிபெயர்ப்பாளர் தன் கருத்தைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. சஃபியா அப்படியே சொன்னாள். சத்தத்தைப் பற்றித் தன்னிடம் ஏன் சொல்கிறார்கள் என்று அம்சத்துக்கு விளங்கவில்லை. ஆனாலும் சஃபியாவின் முகத்தை நம்பினாள்.

பிள்ளை ஒரு தோழியின் வீட்டில். பள்ளிக்கூடத்தில் தன்னோடு படித்தவள். காது கேட்காதவள். பெயர் குந்தவை. இருப்பது கோடியக்கரை. அந்த ஊரை எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, ஆட்காட்டி விரலை நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்து, பிறகு இரண்டு கையாலும் பலகை பிடித்து இழுத்துக் குவிக்கிற மாதிரி காட்டினாள். உப்பளம். இளம்பரிதிக்குப் புரிந்ததா என்று தெரியாததால் இன்னொரு முறை பெரிதாகக் காட்டினாள்.

அவர்கள் வெளியே வந்தபோது பெஞ்சில் தமிழ்மாறன் இல்லை. காவலாளி காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, தன் கடமையைச் செய்த திருப்தியோடு நடந்ததைச் சொன்னார்.

"மெஷின்காரரு இவ்வளவு நேரம் இங்கதாம்மா ஒக்காந்திருந்தாரு. ஃபேனுக்குக் கீழ இந்த ஒரு பெஞ்சுதான கெடக்கு. உள்ள பாத்துக்கிட்டே இருந்தாரு, ஒண்ணும் வெளங்காத மாதிரி சிரிச்சாரு. அப்பறம் சட்டுனு எந்திரிச்சு என் காதுப் பஞ்ச அவரே புடுங்கிட்டுச் சொல்றாரு. ஏழு வருசத்துல அவகிட்ட நான் கத்துக்கிட்டது நாலுதான், சோறு, தண்ணி, காசு, உப்பு. கொழம்புல உப்பு இல்லன்னு தெனம் காட்டிக் காட்டி அது மட்டும் மறக்கலன்னு. நாக்குல வெரல வச்சுக் காட்டிட்டு, பஞ்சத் திருப்பி வச்சுட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு."

குந்தவை உப்பளத்தில் இருப்பது தமிழ்மாறனுக்குத் தெரியும். அம்சத்தின் கல்யாணத்துக்கு வந்து போனவள். மோட்டார் சைக்கிளில் மூன்று மணி நேரத்துப் பாதை. ரோட்டில் குறுவை நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூட ஆகும். அதற்குள் குந்தவைக்குச் சொல்லிவிட்டால் போதும்.

சஃபியா இளையபெருமாளின் அறைக்கு ஓடி, ரகசியம் போய்விட்டது, போனைக் கொடுங்கள் என்றாள். அம்சமும் இளம்பரிதியும் பின்னாலேயே வந்தார்கள். இளையபெருமாள் அவர்களை உட்காரச் சொன்னார். குற்றச்சாட்டு பெரியது, அவசரப்படக் கூடாது என்றார்.

"ரகசியம்னா என்னம்மா? ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கேக்குறது. அவர் கேட்டாரா? கேக்கல. பாத்தாரு. பொது வராந்தாவுல ஒக்காந்து பாக்குறதுக்கு யாருக்கும் உரிமை உண்டு. ஆக, மன்றத்துலேர்ந்து ஒண்ணும் வெளிய போகல."

"போயிட்டாரு சார், ஆளே போயிட்டாரு."

"அது அவரோட சொந்தப் பிரயாணம். இப்ப நீங்க அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணி ஆள் வர்றாருன்னு சொல்றீங்க. ஏன் வர்றாருன்னு அவங்க கேப்பாங்க. உள்ள பேசினத நீங்க சொல்வீங்க. அங்கதான் ரகசியம் ஒடையும். ஒடைக்கிறது அவர் இல்ல, நீங்க. காலையில அத்தன பேர் முன்னாடி உறுதிமொழி எடுத்திருக்கீங்க."

போலீசுக்குச் சொல்லலாமா என்று இளம்பரிதி கேட்டான். போலீசும் வெளியாள்தான் என்றார். கட்சிக்காரர் அனுமதி கொடுத்தால் சொல்லலாம் என்று ஒரு பிரிவு இருப்பதை இளம்பரிதி நினைவுபடுத்தினான். இளையபெருமாள் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் அனுமதி கேட்பதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சஃபியா இப்போது மன்றத்தின் மீது புகார் சொன்னவர், நடுநிலை கெட்டுவிட்டது. அதனால் மூன்று மாவட்டத்துக்கான அந்த அரசாங்க மொழிபெயர்ப்பாளர்தான் வர வேண்டும். அவருடைய அடுத்த வருகை ஆயுத பூஜை அன்று. அன்றைக்கு மன்றத்துக்கு விடுமுறை.

இவ்வளவும் நடக்கும்போது அம்சம் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்கள் அசைந்துகொண்டே இருந்தன. அவளிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

சஃபியா அவள் பக்கம் திரும்பினாள். கண்ணாடி, அவன், பார்த்தான், உப்பு, போய்விட்டான் என்று கையால் சொன்னாள். அதற்கு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

"ஏம்மா, என்ன சொல்றீங்க அவங்ககிட்ட?" என்றார் இளையபெருமாள்.

"அவங்க ரகசியத்த அவங்ககிட்ட சொல்றேன் சார்."

அதற்கு விதியில் இடம் உண்டா என்று பார்ப்பதற்காக அவர் புத்தகத்தை எடுத்தார்.

அம்சம் எழுந்து வராந்தாவுக்கு ஓடினாள். இரும்புப் பெட்டியின் பூட்டைப் பிடித்து இழுத்தாள். சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். காவலாளி அவளைத் தடுக்கவில்லை, ஆனால் பெட்டி அரசாங்கத்தினுடையது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் பெட்டியைத் தூக்கித் தரையில் போட்டாள். அந்தச் சத்தம் கொள்முதல் நிலையத்து ஆட்களை எட்டிப்பார்க்க வைத்தது. பெட்டி திறக்கவில்லை.

வக்கீல்களின் போனை வாங்கும் வழக்கம் இல்லை. இளம்பரிதி தன் போனை எடுத்துத் திறந்து ஜன்னல் கட்டையில் வைத்தான். வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

போனை எடுத்த அம்சம் சுற்றிலும் பார்த்தாள். வராந்தா முழுக்கக் கண்கள். வெளியே மூட்டைக்காரர்களின் கண்கள். பழைய வழக்குக் கட்டுகள் வைக்கிற அறையில் இரண்டு பீரோவுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்தது. அவள் அங்கே போய் நுழைந்துகொண்டு, மனப்பாடமாகத் தெரிந்த நம்பரில் குந்தவையை வீடியோவில் கூப்பிட்டாள். சஃபியா பீரோவுக்கு முன்னால் வந்து நின்றாள், உள்ளே பார்க்காமல், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு. அம்சத்தின் வளையல்கள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. வேகமாகக் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

வெளியே வந்தவள் ஒன்றுதான் சொன்னாள். குந்தவை எடுத்தாள். பிள்ளையை வேறு இடத்துக்கு அனுப்புகிறாள். எந்த இடம் என்று சஃபியா கேட்கவில்லை.

தமிழ்மாறன் சாயங்காலம் உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தான். குந்தவையின் வீடு பூட்டியிருந்தது. உப்பு அம்பாரங்களுக்கு நடுவே ராத்திரிவரை கத்திவிட்டுத் திரும்பிவந்து, தன் மகளைக் காணவில்லை, தாய் ஒளித்துவைத்திருக்கிறாள் என்று அதே மன்றத்தில் மனுக் கொடுத்தான். அந்த மாத அறிக்கையில் ரகசியக் கசிவு என்ற இடத்தில் இல்லை என்று இளையபெருமாள் எழுதி அனுப்பினார். புகார் வந்ததை மன்றம் அலட்சியம் செய்யவும் இல்லை. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். உள்ளே பேசுவதைத் தயவுசெய்து கேட்காதீர்கள் என்று அதில் இருந்தது.

இரண்டு மனுவையும் சேர்த்து விசாரிக்க அம்சத்தை மறுபடி அந்த அறையில் உட்காரவைத்தார்கள். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் வராததால் சஃபியாவின் நடுநிலை அன்று ஒரு நாளைக்கு மட்டும் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

பிள்ளை இப்போது எங்கே என்று கேட்கச் சொன்னார் இளையபெருமாள். சஃபியா கேட்டாள்.

அம்சம் மடியில் இருந்த இரண்டு கையையும் எடுத்து முந்தானைக்குள் விட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல சார்."

இளையபெருமாளுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "ஏம்மா, எங்கள நம்பலன்னா எப்படி? அவங்களுக்காகவே இவ்வளவு செலவு பண்ணி ரூம் கட்டியிருக்கோம். எல்லா ரகசியத்தையும் எங்ககிட்ட சொன்னாத்தான அத நாங்க காப்பாத்த முடியும். சொல்லவே இல்லன்னா நாங்க எதக் காப்பாத்துறது?"

சஃபியா அதையும் கையால் சொன்னாள். அம்சம் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை அசையவில்லை.

இளம்பரிதி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் இளையபெருமாள் எழுதச் சொல்லிவிட்டார். பலமுறை கேட்டும் மனுதாரர் வாய் திறக்க மறுத்துவிட்டார். ஆகவே அவருக்கு வழங்கப்பட்டுவந்த சட்ட உதவி நிறுத்தப்படுகிறது.

அம்சமும் சஃபியாவும் பஸ் ஸ்டாண்டுவரை நடந்தார்கள். அம்சம் பிள்ளையைக் கடைசியாகப் பார்த்தது பீரோக்களுக்கு நடுவே, உள்ளங்கை அளவு திரையில். அதற்குப் பிறகு வீடியோவில்கூடக் கூப்பிடவில்லை. டீக்கடையில் நின்று, டீ குடிக்கிறாயா, சர்க்கரை போடவா என்று சஃபியா கேட்டாள்.

அம்சம் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தாள். எதிரே நின்ற பஸ்ஸின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சஃபியாவையும் அதே மாதிரி பார்த்தாள். கையை வெளியே எடுக்கவில்லை.